நீச்சல்குளத்தின் மூன்றாவது விண்ணப்பம்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்ல" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் நகராட்சி நீச்சல்குளத்தைப் பழுதுபார்க்க மூன்றாவது முறையாக நிதி கேட்டு எழுதியிருக்கிறோம். ஆழமில்லாத பக்கத்தில் ஓடுகள் பெயர்ந்து காலைக் கிழிக்கின்றன. தினமும் காலையில் நானே இறங்கித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை விடுகிறேன். மோட்டார் தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. ஆனாலும் வருகிறார்கள். பக்கவாதம் வந்த தையல்காரம்மா போன வாரம் என் கையைப் பிடிக்காமல் தண்ணீருக்குள் ஆறு எட்டு எடுத்து வைத்து நடந்தார். "தரையில நான் ஒரு மூட்டை. இங்கதான் மனுஷி" என்றார்.

விளையாட்டுத் துறையில் இந்தக் கோப்புகள் உன் மேசைக்குத்தானே வருகின்றன. சிபாரிசு வேண்டாம். திறந்து படி, போதும்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

வலி பழகிவிட்டது. மாத்திரையும் பழகிவிட்டது.

கோப்பைப் பார்த்தேன். ஆய்வுக்குப் பொறியாளர் வருவார். குளத்துக்கு மேலே உள்ள கூரையைப் பற்றிக் கேட்பார். நான் உன் தம்பி என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதே. இங்கே ஒன்றைப் பத்தாக்குவார்கள். ஓய்வுபெற எனக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி

ஏப்ரல் 11

அன்புத் தம்பிக்கு,

பொறியாளர் வந்துபோனார். கூரையை அண்ணாந்து பார்த்து, "கம்பி எப்பலேருந்து இப்படி வெளிய தெரியுது?" என்றார். "ரெண்டு வருஷமா" என்றேன். மழுப்பியிருக்கலாம். கீழே ஆட்கள் நிற்கும்போது மனசு வரவில்லை.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் என்னைக் குடைகிறது. "போன வருஷமே கேட்டிருக்கலாமேம்மா. பணம் செலவாகாம திரும்பிப் போச்சு."

"கேட்டமே சார்."

"மேல வரவே இல்லையே."

போன வருஷ விண்ணப்பத்தை நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். அன்று மதியம் உன் வீட்டில்தான் சாப்பிட்டேன். அது எங்கே போனது? கொஞ்சம் தேடிப் பார், கண்ணா.

அக்கா

மே 2

அக்கா,

அது எங்கும் போகவில்லை. என் இழுப்பறையிலேயே இருந்தது.

அப்போதுதான் ஆபீஸில் பக்கத்து அறைக்காரர் தன் மச்சானுக்கு மைதானம் ஒதுக்கினார் என்று விசாரணை வந்திருந்தது. சொந்த அக்காவின் குளத்துக்கு நான் எழுதினால் என்னையும் இழுப்பார்களோ என்று பயந்தேன். வேறொருவரிடம் கோப்பைக் கொடுத்திருக்கலாம். 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்றே வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் விதி மாறிவிட்டது. உங்கள் குளம் மாதிரி நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்துக்கு நிதி கிடையாது. கூரை அறிக்கையும் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொள்ள முடியாது. மூடும் ஆணையில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அது வேறொருவர் கையால் உனக்கு வரக் கூடாது என்று நினைத்தேன்.

என் வீட்டு மாடி அறையை உனக்காகக் காலி செய்து வைத்திருக்கிறேன். வந்துவிடு. திட்டுவதானாலும் நேரில் வந்து திட்டு.

தம்பி

மே 20

மதிப்புக்குரிய விளையாட்டுத் துறை அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் ஆணைப்படி குளம் மூடப்பட்டது. தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது.

பயனாளிகளுக்கு முறையாகத் தெரிவிக்கப்பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசலில் தாள் ஒட்டினேன். தையல்காரம்மாவுக்கு எழுத்து மங்கலாகத் தெரியும் என்பதால் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "அப்ப நாளைக்கு?" என்றார். நாளைக்கும் இல்லை என்றேன். அவர் மகன் அவரை ஆட்டோவில் தூக்கி உட்கார வைத்தான்.

சாவிகளை நகராட்சியில் ஒப்படைத்துவிட்டேன். மாடி அறை தேவைப்படாது, வாடகைக்கு விட்டுவிடலாம்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பயிற்சியாளர்,
நகராட்சி நீச்சல்குளம்