பூஜைத் தட்டில் வைத்த தாள்

10.10.2005, திங்கள்

நாளை ஆயுத பூஜை. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஐந்தையும் துடைத்தாயிற்று. கீபோர்டில் சந்தனம் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், போன வருஷம் மூன்று பட்டன் ஒட்டிக்கொண்டது.

முதலாளி பாண்டியராஜனுக்குப் புது யோசனை. நம் தீப்பெட்டி ஆபீஸில் சாவிக்கொத்தைத் தட்டில் வைத்துக் கும்பிடுவதுதான் வழக்கம். "பாஸ்வேர்டும் சாவிதான வே, வேணு. அதையும் எழுதி வையும்." சரி என்றேன். நான் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

11.10.2005

எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். முதல் வரி என்னுடையது. முத்துச்செல்வி மட்டும் முடியாது என்றாள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள்தான், தினமும் நாகலாபுரத்திலிருந்து வருகிறாள்.

"ஏட்டி, சாமிகிட்டயுமா சந்தேகம்?" என்றேன்.

"சாமிய நம்புதேன் அண்ணாச்சி. பொரி வாங்க வாற ஆளுகள நம்பல."

எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். சிடுமூஞ்சி. சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் செண்பகராஜைப் பார், சிரித்த முகம், தட்டின் பக்கத்திலேயே நின்று வந்தவருக்கெல்லாம் அவனே பொரி கொடுத்தான்.

24.11.2005

நம் தீப்பெட்டியை வாங்குவதாக இருந்த தான்சானியா பார்ட்டி கைவிட்டுப் போய்விட்டது. நாங்கள் மெயிலில் எழுதிய விலைவிவரத்தை வரிக்கு வரி தெரிந்துகொண்டு இன்னொரு கம்பெனி முந்திக்கொண்டது. யாரோ என் மெயிலைத் திறந்து படித்திருக்கிறார்கள்.

யார் மேல் சந்தேகம் என்று முதலாளி கேட்டார். "எழுதிக் கொடுக்காதவ ஒருத்திதான்" என்றேன். என் பாஸ்வேர்டு தட்டில் கிடந்ததைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பயம். வேறென்ன.

25.11.2005

அவளை அனுப்பிவிட்டார்கள். அழவில்லை. "மொதல்ல அந்த பாஸ்வேர்ட மாத்துங்க அண்ணாச்சி, பொறவு என்னைய வெரட்டுங்க" என்றாள்.

17.1.2006

பிரவுசிங் சென்டர் அய்யாத்துரை கேட்கிறான்: "உங்க செண்பகராஜ் தெனம் இங்கன வந்துதான் ஆபீஸ் மெயில் பாத்தான். ஆபீஸ்ல நெட் இல்லையா அண்ணாச்சி?"

செண்பகராஜ் பொங்கலுக்கு முன்பே நின்றுவிட்டான். இப்போது அந்தக் கம்பெனியில் இருக்கிறானாம்.

பாவி, என்ன காரியம் செஞ்சிட்டேன்.

22.1.2006

அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்க பஸ் ஏறினேன். பாதி வழியில், எட்டயபுரத்திலேயே இறங்கித் திரும்பிவிட்டேன்.

8.6.2006

சென்னையிலிருந்து ஒரு படிவம். கம்ப்யூட்டர்களுக்குக் காவல் பார்க்கிற கம்பெனி, அங்கே வேலை கேட்டிருக்கும் முத்துச்செல்வியின் குணத்தைப் பற்றிக் கேட்கிறது. எல்லோருடனும் ஒத்துப்போவாரா? இல்லை. எளிதில் நம்புவாரா? நம்பமாட்டார். கீழே நானாக எழுதினேன்: சாமி பேரைச் சொல்லிக் கேட்டாலும் கொடுக்கமாட்டார், வேலையைவிட்டு அனுப்பியது எங்கள் தவறு.

எங்கள் என்றுதான் எழுத வந்தது. என் என்று எழுதியிருக்க வேண்டும்.

30.9.2006, சனி

நாளை ஆயுத பூஜை. தட்டில் தாள் வேண்டும் என்கிறார் முதலாளி. "அவன்தான் போயிட்டாம்லா, இப்ப இருக்கவனெல்லாம் நல்ல பயலுவ." சரி என்றுவிட்டேன். மறுபடியும்! ஐந்தையும் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

மதியம் போன். முத்துச்செல்வி, சென்னையிலிருந்து. வேலை கிடைத்து மூன்று மாதமாம்.

"நாளைக்கு தட்டுல தாள் வைக்கப் போறீயளா?"

"இல்லம்மா."

"எழுதியாச்சா?"

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன், சரசரத்தது.

"கிழிங்க அண்ணாச்சி. எனக்குச் சத்தம் கேக்கணும்."

ரிசீவரின் பக்கத்தில் வைத்துக் கிழித்தேன்.

"இன்னொருக்க."

கிழித்தேன். சரி என்று போனை வைத்துவிட்டாள். மன்னிப்பு என்று நான் வாயெடுப்பதற்குள்.