நான்கடிக் கடல்

திருத்துறைப்பூண்டி
ஜூன் 9

என் கண்ணு ஹஃப்ஸாவுக்கு அம்மாவின் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். அங்கே இப்போது குளிர்காலம் என்றாயே, போர்வை வாங்கினாயா? காலையில் வெறும் வயிற்றோடு படகில் ஏறாதே.

போனில் சொல்லாமல் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். காரணம் உனக்குத் தெரியும். நான் உன்னோடு பேச ஆரம்பித்தால் உன் அத்தா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார்கள். நிக்காஹுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ கடல் படிக்க வெளிநாடு போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் உன் பெயர் அவர்கள் வாயில் வரவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. கடைக்கு மோட்டார் சரக்கு எடுக்கச் சென்னை போன அத்தா, திரும்பும்போது நான்கடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினார்கள். கடல் மீன் வளர்க்கப் போகிறார்களாம். கடல் மீனுக்கென்று தனியாக விற்கும் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, நம் கடைக் குழாய்களையே வெட்டி ஒட்டி, உன் அறையில் ஜன்னலுக்கு எதிரே வைத்துவிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வீட்டு இராஜாங்கம் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “கடல் தண்ணி வயலுக்குள்ள ஏறிடக் கூடாதுன்னு நாங்க வருஷா வருஷம் அல்லாடுறோம், மீரா பாய் வீட்டுக்குள்ளயே செஞ்சு வச்சிருக்காரே” என்று அத்தாவைக் காட்டிச் சிரித்தார். முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கும் அவருடைய ஒரு வேலி நிலத்தில் போன வருஷம் உப்பு ஏறிப் பாதி நடவு கருகிப்போனது. அத்தாவும் கூடச் சிரித்தார்கள்.

நான்காம் நாளே இரண்டு நீல மீன்களை வாங்கிவந்து விட்டார்கள். மறுநாள் இரண்டும் செத்து மிதந்தன. வாழை இலையில் சுருட்டிக் கொல்லையில் புதைத்துவிட்டு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரொம்ப நேரம் கழித்து என்னிடம், “இதெல்லாம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேட்டுப் பாரேன்” என்றார்கள். எனக்கு அப்படித் தெரிந்தவர்கள் உன்னை விட்டால் யாரம்மா இருக்கிறார்கள்? அதனால் கேட்கிறேன். அந்த மீன்கள் ஏன் செத்தன?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா கமருன்னிஸா

ஆகஸ்ட் 3

அன்பு மகளே,

நீ எழுதியனுப்பிய நான்கு பக்கமும் வந்தது. அத்தா பம்பைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது சத்தமாகப் படித்தேன். யார் எழுதியது என்று கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் கல்லிலும் மணலிலும் குடியேறும்வரை மீன் விடக் கூடாது, அவசரப்பட்டால் மீனின் கழிவே மீனுக்கு விஷமாகிவிடும் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள்.

அதன்பிறகு ஆறு வாரம் வெறும் தண்ணீர்தான். தண்ணீர், மணல், ஓட்டை நிறைந்த கற்கள். நீ சொன்னபடி அந்தக் கிருமிகளுக்காகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டார்கள். இல்லாத மீனுக்குத் தீனி போடுகிறார் என்று தெருவெல்லாம் பேச்சு. காலையில் தொழுதுவிட்டு வந்ததும் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்து சொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். விஷம் இருந்தால் பச்சை, தீர்ந்தால் மஞ்சள் என்று நீதானே எழுதியிருந்தாய். பச்சை, பச்சை, மறுபடியும் பச்சை. ஒரு வெள்ளிக்கிழமை அது மஞ்சளாக இருந்தது. அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நிறத்தைக் காட்ட என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தொட்டியில் குறைவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கும் போகாது, அதனால் நல்ல தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும் என்று எழுதியிருந்தாய். அந்த வேலை இப்போது என்னுடையது. தினமும் ஒரு செம்பு.

ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் வந்திருக்கின்றன. அதில் பெரியது தானாகவே பெண்ணாகிவிடும் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் நான் சத்தமாகப் படிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த அறையில் பாய் விரித்துப் படுக்கிறேன். நீல விளக்கு எரியும். தண்ணீரின் அசைவு உத்தரத்தில் ஓடும், சுவரில் ஓடும், என் கை மேலும் ஓடும். பம்பின் சத்தம் தூரத்து அலை மாதிரி வந்துகொண்டே இருக்கும். கண் மூடினால் வீடு மெல்ல இறங்குகிறது. ஒரு நாள் கனவில் நம் தெருவே தண்ணீருக்குள் இருந்தது. யாருக்கும் மூச்சு முட்டவில்லை. நீ பள்ளிக்கூடப் பையோடு மிதந்து வந்து சாவி எங்கே என்று கேட்டாய். விழித்தபோது அத்தா நாற்காலியில் உட்கார்ந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடை திறக்கும் நேரம் தாண்டியிருந்தது. நான் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

நவம்பர் 30

ஹஃப்ஸாம்மா,

புயல் செய்தி பார்த்துப் பயந்திருப்பாய். நாங்கள் நலம். கொல்லை வேலி சாய்ந்ததோடு சரி. இராஜாங்கம் அண்ணன் வயலில்தான் பயிர் முழுகிக் கிடக்கிறது. தண்ணீர் வடிய துஆ செய்.

மூன்று நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாளோடு நின்றுவிட்டது. இரண்டாம் நாள் காலையில் மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. அத்தா செம்பை எடுத்தார்கள். தொட்டியிலிருந்து மொண்டு, உயரத் தூக்கி, திரும்பத் தொட்டியிலேயே ஊற்ற ஆரம்பித்தார்கள். எதற்கு என்று கேட்டேன். “காத்துதான் முக்கியம்னு ஹஃப்ஸா எழுதியிருந்தாளே” என்றார்கள்.

உன் பெயரைச் சொன்னதை அவர்கள் கவனித்தார்களோ என்னவோ. செம்பு நிற்கவில்லை.

அன்று பகலும் ராத்திரியும் மாறி மாறி ஊற்றினோம். வெளியே மழை, உள்ளே செம்புச் சத்தம். கை ஓயும்போது அத்தா தானாகவே பேசினார்கள். “அன்னைக்குப் பெட்டியைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாப் போனா. கடைக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே நின்னேன். ரெண்டு எட்டு வச்சா போதும். வைக்கல” என்றார்கள். நான் செம்பை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால் கரண்ட் வந்தது. பட்டை மீன்களில் சின்னது போய்விட்டது. பெரியது பிழைத்தது. கல்லின் அடியில் ஒதுங்கிக் கிடக்கிறது, தீனி எடுக்கவில்லை. தனியாக இருந்தால் ஏங்கிப்போகுமா, இன்னொன்று விட்டால் சேர்த்துக்கொள்ளுமா என்று அத்தாவுக்குப் பெரிய யோசனை. இதை நான் எழுதிக் கேட்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று உனக்கு என் நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால் வந்திருக்கும். இரண்டு ரிங்கில் நின்றிருக்கும். அது நான் இல்லை. நான் அப்போது மாடியில் நனைந்த துணியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தபோது போன் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது, திரை ஈரமாக இருந்தது.

மறுபடியும் வரும். எந்த நேரமானாலும் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடம்மா. எதையும் கேட்காதே, அழுதுவிடாதே. மீன் எப்படி இருக்கிறது அத்தா என்று மட்டும் கேள். மீதியை அவர்களே சொல்லட்டும்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் வார்த்தையைத் தரட்டும்.

அம்மா