பனிக்கு ஆறு செட் காட்டன்

ஜன. 19, திங்கள்

காலையில் லேசான பனிமூட்டம். எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை.

மாடிக் கட்டில் முழுக்கத் துணி. இமாசல முகாமுக்கு உடுப்பு ஆறு செட்டும் தைத்து வந்துவிட்டது. காலையில் பூங்காவில் நடக்கும் ஆறு பேர், எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். பனியில் கூடாரம் போட்டு மூன்று இரவு. உடுப்புப் பொறுப்பு மட்டும் என் வீட்டுக்காரருக்கு. பனியன் கம்பெனியில் முப்பத்தெட்டு வருடம் நிட்டிங் மாஸ்டர், வேறு யாரிடம் கேட்பார்கள்? நூலை இவரே பார்த்து எடுத்து, பழகின மெஷினில் ஓட்டி, உள்பக்கம் மட்டும் பஞ்சு எழும்ப பிரஷ் பண்ணி வாங்கியிருக்கிறார்.

"தொட்டுப் பாரு சரோஜா. பூனக்குட்டியாட்டம் இருக்குதல்ல?"

இருக்கத்தான் செய்தது.

"முழுக் காட்டனுங்களா?"

"பின்னே? பிளாஸ்டிக்கைப் போட்டுட்டா மலையேறுவாங்க?"

எங்கேயோ ஒன்று இடித்தது. காரணம் உடனே பிடிபடவில்லை. ரசம் கூட்டும்போதுதான் தோன்றியது. அறிவியல் டீச்சராக எட்டாம் வகுப்பு மேசையில் எத்தனை முறை மண்பானையை வைத்திருப்பேன்! ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், அதனால் உள்ளே தண்ணீர் குளிர்கிறது என்று. வேர்த்து நனைந்த காட்டனைப் போட்டிருக்கும் மனிதனும் அந்தப் பானைதானே. ரசம் பொங்கி வழிந்துவிட்டது.

ஜன. 21, புதன்

நல்ல காற்று. போர்வைகள் துவைத்தேன்.

ஒரு சோதனை. தைத்ததில் மிஞ்சிய துண்டு ஒன்று, அதே அளவில் பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டையிலிருந்து ஒன்று. இரண்டையும் நனைத்துப் பிழிந்து ஃபேன் அடியில் போட்டேன். பாலியஸ்டர் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. காட்டன், மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகும் சில்லென்று. அவர் கன்னத்தில் ஒட்டினேன்.

"டீச்சரம்மா பள்ளிக்கூடத்த ஊட்டுக்கே கொண்டாந்துட்டாங்க."

"குளிருதுங்களா, இல்லீங்களா?"

"ஈரத்துணி குளிரத்தான் செய்யும். நாங்க அங்க போயி தண்ணியிலயா உழுந்து கெடக்கப் போறோம்?"

"நடந்தா வேர்க்குமல்லங்க."

"பனியில எப்படி வேர்க்கும்?"

இருபது வருடமாகப் பழனிக்கு நடந்த கால். ரோட்டோரம் காட்டன் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிய உடம்பு. அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார். தைப்பூசக் குளிரும், தண்ணீர் பாட்டிலுக்குள்ளேயே உறைகிற குளிரும் ஒன்றா?

முகாம்காரர்கள் அனுப்பிய பட்டியலை நான்தான் முதலில் படித்தேன். இவர் திறந்தே பார்க்கவில்லை. இரண்டாவது வரி, தடித்த எழுத்தில்: உடம்போடு ஒட்டும் உடுப்பு காட்டனாக இருக்கக் கூடாது. காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"வடக்கத்திக்காரங்களுக்கு நம்ம காட்டனப் பத்தி என்ன தெரியும்?"

குரலில் சிரிப்பு இல்லை.

நான் எழுதி வைத்தது:
உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர், உடம்பைப் பிடித்தாற்போல்.
நடுவில் ஃப்ளீஸ். அதற்கு மேல் காற்றுப் புகாத கோட்டு.
தூங்கும் பை. அடியில் தடித்த விரிப்பு கட்டாயம். (காப்பி டம்ளரைக் கடப்பாக்கல் மேல் வைத்தால் சீக்கிரம் ஆறும், மடித்த துணி மேல் வைத்தால் ஆறாது. தரை அப்படி.)
தூங்க மட்டும் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ்.
குல்லா. பி.பி. மாத்திரை.

ஜன. 24, சனி

உடுமலை. என்னிடம் படித்த மாலதியும் அவள் வீட்டுக்காரரும் அங்கே ஆப்பிள், திராட்சை வைக்கும் குளிர்கிடங்கு நடத்துகிறார்கள். உள்ளே இரண்டு டிகிரி. அங்கே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள் என்றேன். "உன்ற வாயை அடைக்கறதுக்காச்சும் வர்றன்" என்று இவர் கிளம்பினார்.

இவருக்குக் காட்டன் செட், மேலே ஸ்வெட்டர். வெளியே படிக்கட்டில் இருபது தடவை ஏறி இறங்கச் சொன்னேன். முதுகு நனைந்தது. பிறகு இருவரும் உள்ளே. எனக்குக் கம்பளிக் கோட்டு.

"டீச்சர், ஒரு மணி நேரமெல்லாம் வேண்டாங்க. எங்க ஆளுங்களே அரை மணிக்கு ஒருக்கா வெளிய வந்துருவாங்க" என்றாள் மாலதி. கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

முதல் பத்து நிமிடம் கேலி. அப்புறம் பேச்சு குறைந்தது. இருபதாவது நிமிடம் ஸ்வெட்டர் ஜிப்பைப் பிடிக்கப் பார்த்தார், விரல் வழுக்கியது. மறுபடி. மறுபடி.

"போதுங்க."

"இன்னுங் கொஞ்சம்."

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க பார்க்கலாம்."

சிரிக்கப் பார்த்தார். ஏழு நாலு இருபத்தெட்டு வரை வந்தது. ஏழஞ்சு... என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த முகம் இல்லை அது. கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

வெயிலில், ஆப்பிள் பெட்டி மேல் உட்கார வைத்து டீ. டம்ளர் பல்லில் மோதுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் குடிமங்கலம் தாண்டியாயிற்று. காற்றாலைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் என்னைய நம்பி உட்டுட்டாங்க சரோஜா."

"சொல்லீருங்க."

"எப்படிச் சொல்றது?"

பயம் இப்போது வேறு மாதிரி. தப்பு என்று சொல்வதற்குப் பதில் அதையே போட்டுக்கொண்டு போய்விடுவாரோ? போகக்கூடியவர்தான்.

ஜன. 25, ஞாயிறு

பூங்காவுக்கு நானும் போனேன். நடை முடிந்து ஆறு பேரும் பெஞ்சில். இவர் எழுந்து நின்று சொன்னார்.

"நான் பண்ணுனது தப்புங்க. காட்டன் அங்க ஆகாது. போட்டுப் பாத்துட்டன்."

பெஞ்சிலிருந்து ஒருவர், "அப்ப இத்தன வருசமா எங்களுக்கு எதைய்யா போட்டு உட்டே?" என்றார். சிரிப்பு. நான்கு பேர் சரி என்றார்கள். அப்பாடா என்று நினைப்பதற்குள் தங்கவேலண்ணன். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், இவருக்குச் சின்ன வயதிலிருந்து சிநேகிதம்.

"மாப்ள, தங்கச்சி உன்னையப் பயமுறுத்தி உட்டுருச்சு. நாப்பது வருசமா நீ குடுத்த பனியனத்தான் போடறன். உன்ற துணி என்னையக் கைவிடாது."

"அண்ணா, நானே பாத்தனுங்க..."

"நீ சும்மா இரு கண்ணு. இந்தச் செட்டுத்தான் போடுவன்."

எத்தனை சொல்லியும் அசையவில்லை. இவர் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கையை எதைக் கொண்டு கழற்றுவது?

ஜன. 28, புதன்

மேகமூட்டம். நான்கு வீதி தள்ளி ஒரு கம்பெனியில் ஏற்றுமதிக்குப் பாலியஸ்டர் உள்ளுடுப்பு தைக்கிறார்கள். இவர் அந்தப் பக்கமே போனதில்லை. இன்று போய் ஆறு செட் வாங்கி வந்தார். ஆறாவதை ஒரு கவரில் சுற்றித் தன் பையின் அடியில் வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பிப். 3, செவ்வாய்

ஸ்டேஷன். தங்கவேலண்ணன் ஸ்வெட்டர் கழுத்தை இழுத்து உள்ளே காட்டினார். காட்டன்.

"பாத்தியா தங்கச்சி, இப்பவே கதகதன்னு இருக்குது."

"மலையேறறப்ப மாத்தீருங்கண்ணா. உங்க காலுல உழுகறன்."

"அட, மாத்தறன் போ."

மாற்றமாட்டார். ரயில் நகர்ந்த பிறகும் பிளாட்பாரத்திலேயே நின்றேன்.

பிப். 6, வெள்ளி

வெயில். இன்று அவர்கள் கூடாரத்துக்கு ஏறுகிற நாள். போன் போகவில்லை. அரிசி புடைத்தேன். மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றினேன். மாலை நாலரைக்கு ஃபேன் அடியில் உட்காரப் பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன்.

பிப். 7, சனி

காலை ஏழு நாற்பதுக்குப் போன். வழிகாட்டியின் போனில் இவர் பேசினார், மேட்டில் ஏறினால்தான் சிக்னலாம்.

நேற்று ஏறும்போது நல்ல வெயில், எல்லாருக்கும் வேர்த்திருக்கிறது. நாலரைக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று. தங்கவேலண்ணன் டீக்கு வராமல் பை மேலேயே உட்கார்ந்திருந்தாராம். என்னடா என்றால் குளிரவே இல்லை என்றாராம், நாக்குக் குழறலாக. படுக்கிறேன், படுக்கிறேன் என்றாராம். துணி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது, தலைவழியாகக் கழற்ற வரவில்லை.

"வழிகாட்டிகிட்டக் கத்திய வாங்கிக் கழுத்துல இருந்து கீழ வரைக்கும் நானே கிழிச்சன் சரோஜா."

கவரில் இருந்ததைப் போட்டு, இரண்டு தூங்கும் பைக்குள் வைத்து, வெந்நீர் பாட்டில் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் அணைத்துப் படுத்திருக்கிறார்கள்.

"இப்ப எப்படிங்க இருக்கறாரு?"

"டீ குடிக்கறான். என்னையத் திட்டறான்."

"என்னன்னுங்க?"

"நல்ல துணியக் கிழிச்சுப் போட்டயேடான்னு."

இவர் சிரிக்கிறாரா, அழுகிறாரா, தெரியவில்லை. நடக்கும்போது தங்கவேலண்ணனுக்கு இன்னும் கால் தள்ளாடுகிறதாம். அதனால் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்குகிறார்கள். "நானும் அவனோட எறங்கறன்" என்றார். பாதையில் பனி இறுகி வழுக்குகிறதா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

இறங்க நான்கு மணி நேரமாம். எட்டு மணிக்குக் கிளம்புவதாகச் சொன்னார். இப்போது எட்டேகால்.