கண்ணுக்குக் கீழே இருந்த மச்சம்

கீலுங்,
9 மே 1996

என் அன்பு மகன் தே-மிங்குக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்றுதான் வழக்கமாகத் தொடங்குவேன். இன்று அப்படிப் பொய் எழுத மனம் வரவில்லை. கம்பெனி ஆபீசில், கடிதம் கொண்டுவரும் அடுத்த சரக்குக் கப்பல் உங்கள் மீன்பிடிப் படகைச் சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம் என்று அந்தப் பெண் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா?

இங்கே மழை விடவில்லை. மாடியில் ஒழுகும் இடத்தில் இன்னும் வாளிதான் வைத்திருக்கிறேன்.

பாவ்-சூவின் காதோரம் ஒரு கட்டி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பல் வீக்கமாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். அது புற்றுநோய். காதோரம் இருப்பது வந்து ஒட்டியதுதானாம், வேறெங்கோ தொடங்கியிருக்கிறதாம். கல்லீரலிலும் புள்ளிகள் இருக்கின்றன. கட்டியை வெட்டிச் சோதித்துப் பார்த்தும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. டாக்டர் லியாவ் என்னை வெளியே அழைத்து, “மூலம் தெரிஞ்சாத்தாம்மா எந்த மருந்துன்னு முடிவு பண்ண முடியும். இல்லேன்னா இருட்டுல கல்லெறியற மாதிரிதான்” என்றார்.

தேடினார்கள். வாய் வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள், குடலைப் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். உன் மனைவி பாவ்-சூ சும்மா இருப்பாளா? “நல்லா ஒளிஞ்சு விளையாடுது டாக்டர். கண்டுபிடிங்க, எங்க வீட்டுக்காரர் வந்ததும் ஒரு பெட்டி கணவாய் உங்க வீட்டுக்கு வரும்” என்றாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்துச் சிரித்து இருமினாள்.

நான் மாஸு அம்மன் கோயிலுக்குப் போய், பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டுக் குறி கேட்டேன். வயிறா தாயே என்றேன். இரண்டும் கவிழ்ந்து விழுந்தன, இல்லையாம். நுரையீரலா என்றேன். அதற்கும் இல்லை. மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமல் கட்டைகளைக் கூடையில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் டாக்டரே அதைக் கேட்டுவிட்டார். “எப்பவாவது மச்சம் ஏதாவது எடுத்திருக்கீங்களா?” என்று அவளிடம் கேட்டார். நான் கஞ்சிப் பாத்திரத்தோடு கட்டிலருகே நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “இல்லையே டாக்டர், எனக்கு மச்சமே கிடையாது” என்றாள்.

உனக்கு நினைவிருக்கும், பெண் பார்த்த அன்று அவள் இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. நீ அதைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். கோயில் வாசலில் முகம் பார்த்துச் சொல்பவனோ, “இது கண்ணீர் மச்சம். இதோட வந்தா புருஷன் தங்கமாட்டான்” என்றான். கடலுக்குப் போகும் பிள்ளையைப் பெற்றவள் நான், என்ன செய்வேன்? மச்சத்தை எடுத்தால்தான் கல்யாணம் என்றேன். சந்தில் மச்சம் எடுப்பவளிடம் நானே கூட்டிப்போய், மச்சத்தை எரிக்கும் மருந்துச் சுண்ணாம்பு வைக்கச் சொன்னேன்.

உனக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் அது அதே தழும்பில் கறுப்பாக மறுபடி முளைத்தது. ஆஸ்பத்திரியில் காட்டட்டுமா அத்தை என்று கேட்டாள். நீ அப்போது கடலில் இருந்தாய், புயல் எச்சரிக்கை வேறு. காட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, இன்றே எரித்துவிடு என்று மறுபடி அங்கேயே இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் ரத்தம் கசிந்தது. அவள் பவுடர் போட்டு மறைத்துக்கொண்டாள்.

அவள் இல்லை என்று சொன்ன அன்று நானும் வாயைத் திறக்கவில்லை. இருபது நாள் திறக்கவில்லை. வயிறாக இருக்கலாம் என்று ஊகித்து ஒரு மருந்தை ஏற்றினார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. குடித்த தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, அப்போதும் பேசாமல் நின்றேன். தே-மிங், உன் அம்மா இப்படிப்பட்டவள்.

இருபத்தோராம் நாள் டாக்டரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துத் தழும்பைப் பார்த்தார், துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். அங்கேதான் தொடங்கியிருக்கிறது. “மருந்தை மாத்தறோம். ஆனா கல்லீரல் வரைக்கும் போயிடுச்சு, பெரிசா எதிர்பார்க்காதீங்க” என்றார். “முதல்லயே அதை வெட்டி அனுப்பியிருந்தா” என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பாவ்-சூவுக்கு என் மேல் கோபம். “எதுக்கு அத்தை சொன்னீங்க? அவரு வந்து உங்களோட பேசாம இருந்தா நான் போனப்புறம் யாரு சமாதானம் பண்ணுவா?” என்றாள். நான் அழுதேன். அதற்கும் திட்டினாள். “அழாதீங்க. அந்தப் புயல்ல ரெண்டு படகு போச்சு, இவரு மட்டும் வந்து சேர்ந்தாரே. மச்சத்தை எடுத்தது வீண் போகல” என்றாள். கேலி செய்கிறாளா, நிஜமாகவே நம்புகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

இப்போது அவளால் பேச முடிவது காலையில் கொஞ்ச நேரம்தான். அப்போது உன்னைப் பற்றித்தான் பேசுகிறாள்.

ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் நீ நூறு வயது வாழ வேண்டும் என்று எழுதுவேன். அந்த ஆசையைத்தான் சுண்ணாம்பாக அவள் முகத்தில் வைத்தேன். இந்த முறை அதை எழுத மாட்டேன். என்னோடு பேசாமல் இருக்க வேண்டுமென்றால் வந்து இரு, என் கண்ணெதிரே இரு. அவளுக்கு உன்னை அடையாளம் தெரியும்போதே வந்துவிடு, மகனே.

உன் அம்மா