மிளகுக்கு ஒரு துண்டு ஈரல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இரண்டு காலில் நடக்கும் இருவரும் நாலு காலில் நடக்கும் ஒருத்தியும் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். நேற்று போனில் “முடிவு என்னம்மா, ஒரே வார்த்தையில சொல்லு” என்று கேட்டாய், நான் “எழுதறேன், படிச்சுக்கோ” என்று வைத்துவிட்டேன். உடனே நீ உன் அப்பாவைக் கூப்பிட்டு என்னைத் திட்டியதும் என் காதில் விழுந்தது, அந்த மனுஷன் எப்போதும் போனை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துத்தானே பேசுவார். ஒரே வார்த்தையில் சொல்லி முடிப்பதற்கா நாங்கள் இரண்டு பேரும் இத்தனை மாதம் நாயாய் அலைந்தோம்? முடிவைக் கேட்டதும் நீ போனை வைத்துவிடுவாய், பட்ட பாட்டை நான் யாரிடம் சொல்வது? பார்லருக்கு வருகிறவர்களிடம் சொல்லலாமென்றால், நான் ஆரம்பித்ததுமே முகத்தில் பூசிய களிம்பு காய்வதற்குள் எழுந்து ஓடுகிறார்கள். இதை எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படமெடுத்து உனக்கு அனுப்புவார். கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற உன் புத்தி எனக்குத் தெரியும், அதனால் கடைசிப் பக்கத்தைக் கடைசியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீ வேலைக்காக வெளியூர் கிளம்புவதற்கு முந்தின வாரம் நாய் ஷோவில் நடந்ததை மறுபடி கிளறுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய தொப்பி வைத்த அந்த நடுவர் பல் பார்க்க உதட்டைத் தூக்கப் போனதும், மிளகு அவர் சட்டைக் கையை லபக்கென்று கவ்வினாள், ரிங்கிலிருந்து வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். நீ வழி முழுக்க வண்டியின் பின்சீட்டில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாய். குட்டியை நமக்குக் கொடுத்த நாய்க்காரர் அன்றைக்கே சொன்னார், “கடிக்கிற புத்தி என் வீட்டு வம்சத்துல கிடையாது. இன்னொரு ஷோ பாக்கறேன். அங்கயும் இதே கதைன்னா நான் திருப்பி எடுத்துட்டுப் போய் என் தோட்டத்துல காவலுக்குப் போட்டுக்கறேன்” என்று. வாங்கும்போதே பேசிய பேச்சு அது, நாம் மறுக்க முடியாது. அதற்கப்புறம் நீயும் அங்கேயிருந்து “ஷோவெல்லாம் வேண்டாம்மா, இப்பவே குடுத்துடுங்க, உங்க ரெண்டு பேருக்கும் எதுக்கு இந்தப் பாரம், அது என்னை மறந்தே போயிருக்கும்” என்றாய். நான் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். உன் அப்பா எழுந்து போய் மிளகின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பிவிட்டு வந்தார். இந்த வீட்டுக்கு நாய் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று கத்தியவர் ஞாபகமிருக்கிறதா? சொன்ன சொல் தவறாதவர். தினமும் காலையிலும் மாலையிலும் வெளியே போகிறார், நாயோடு. ஒரு கையில் வார், இன்னொரு கையில் அந்தப் பை, அது எதற்கென்று உனக்குத் தெரியும். ஒரு பெரிய பஸ்ஸையே ஓட்டிக் கட்டி ஆண்டவர் தெருமுனையில் குனிந்து அள்ளுகிற அழகைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

பாரம் என்றாயே, பாரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போய் எத்தனை நாளாயிற்று, யாராவது ஒருவர் வீட்டிலிருந்தாக வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் தாடியைக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் என் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். காது, நகம், உண்ணி, தடுப்பூசி, பல் விளக்கல், ஒரு மாப்பிள்ளையைக்கூட நான் இப்படிக் கவனிக்க மாட்டேன். இனிமேல் வரப்போகிறவரிடம் இதைச் சொல்லாதே. போன மாதம் நாய் டாக்டர் அவளை எடை மேடையில் நிறுத்தி, “வீட்ல யாரோ தட்டுல இருந்து எடுத்துப் போடறாங்க” என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா என்னைப் பார்த்தார், மிளகு மட்டும் நேர்மையாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் மோவாயில் ஒரு முடி முளைத்தால் பிடுங்கி எறிகிற என் வீட்டில் இப்படித் தாடியும் மீசையுமாக ஒரு பெண்பிள்ளை வளர வேண்டும் என்று எழுதியிருக்கிறது, யார் என்ன செய்ய முடியும். ஆனால் ஒன்று, இந்தச் சாதிக்கு முதுகு முடியைக் கத்தரிக்கக் கூடாது, மெஷின் வைக்கக் கூடாது, உதிரப்போகிற முடியை விரலால் மட்டும் பிடுங்க வேண்டும் என்று நாய்க்காரர் சொல்லிக்கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புருவம் பிடுங்கியே உன்னைப் படிக்க வைத்தவளுக்கா பிடுங்கச் சொல்லித்தர வேண்டும்!

பல் விஷயத்துக்கு வருகிறேன். நீ போனதும் நான் யோசித்தேன், அவள் யாரைக் கண்டு பயந்தாள், நம் மூன்று பேரைத் தவிர யார் கையும் அவள் வாயில் பட்டதில்லை, பழகாத பிள்ளையைத் திடீரென்று மேடையேற்றியது நாம், தப்பு உன்னுடையது அல்ல. அதனால் பார்லரில் ஒரு சட்டம் போட்டேன். முடி வெட்ட வந்தாலும் சரி, புருவம் எடுக்க வந்தாலும் சரி, முதலில் சின்ன மேஜைமேல் நிற்கும் மிளகின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் தட்டிலிருந்து ஒரு துண்டு வேகவைத்த ஈரலை அவர்கள் கையாலேயே கொடுக்க வேண்டும், அப்புறம்தான் நாற்காலி. பாதிப் பேர் நாற்றம் தாங்காமல் அடுத்த தெரு பார்லருக்குப் போய்விட்டார்கள், போகட்டும், அங்கே வெட்டிக்கொண்ட தலைகளை நான் கடைவீதியில் பார்க்கத்தானே போகிறேன். கணக்கு டீச்சர் மட்டும் வாரம் தவறாமல் வந்து ஒவ்வொரு பல்லாக எண்ணி, “நாப்பத்திரண்டு, சரியா இருக்குங்க” என்று சொல்லிவிட்டு உட்காருவார், மிளகு என்னவோ வங்கியில் பணம் போட்டு வைத்திருக்கிற மாதிரி.

பெண்களிடம் பழகிவிட்டாள். ஆனால் அன்றைக்குக் கவ்வியது ஒரு ஆணை, அதுவும் தொப்பி வைத்தவரை. அதற்கு எங்கே போவது? எதிர்வீட்டு வக்கீல்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது பெரிய தொப்பி வைத்துக்கொள்வார். குரைக்கிறது குரைக்கிறது என்று நம்மைப் பற்றி ஊரெல்லாம் புகார் சொன்னவர்தான். வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். “கடிச்சா யாரும்மா பொறுப்பு?” என்றார். “நீங்க கடிக்க மாட்டீங்கன்னு ஒரு நம்பிக்கைதான் சார்” என்றேன். முறைத்தார், ஆனால் வந்தார். முதல் நாள் அவள் உறுமினாள், அவரும் ஏறக்குறைய உறுமினார், நடுவில் அப்பா ஈரல் தட்டோடு மத்தியஸ்தம். ஒரு வாரம் அவர் பக்கத்தில் வந்து நின்று ஈரலைக் கொடுத்துவிட்டுப் போனதோடு சரி. அப்புறம் ஒரு விரல், அப்புறம் கை. கடைசியில் எப்படி ஆயிற்றென்றால், சாயங்காலம் அவர் வாசலைத் திறக்கிற சத்தம் கேட்டதும் இவள் தானாக மேஜைமேல் ஏறி மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். அவர் ஒரு நாள் வராவிட்டால் எனக்குக் கவலை, இரண்டு நாள் வராவிட்டால் அவர் மனைவிக்குக் கவலை. “வீட்ல என்கிட்ட இவ்வளவு பேசமாட்டார், உங்க நாய்கிட்டதான் பேசறார்” என்று அவள் சொன்னது நமக்குள் இருக்கட்டும்.

இப்போது நான் செய்த மகா காரியத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. ஷோவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே உடம்பில் தண்ணீர் படக்கூடாது, தாடியையும் காலையும் மட்டும் கழுவினால் போதும் என்று நாய்க்காரர் சொல்லியிருந்தார். நான் கேட்டேனா? முப்பது வருஷமாக அழுக்குத் தலையோடு ஒருத்தியையும் என் கடையிலிருந்து வெளியே அனுப்பாதவள், பெற்ற பெண் மாதிரி வளர்த்ததை எப்படி அனுப்புவேன்? முந்தின நாள் அப்பா ஈரல் வாங்கப் பாய்க்கடை பக்கம் போயிருந்தபோது அவளைத் தொட்டியில் நிறுத்தி, கடையில் இருப்பதிலேயே உசத்தியான ஷாம்பு, அதற்கு மேல் கண்டிஷனர், அதற்கு மேல் டிரையர். பட்டு மாதிரி வந்தது. என் கைவேலையைப் பார்த்து எனக்கே கண் நிறைந்தது. அப்பா திரும்பி வந்து முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்னடி, பூனைக்குட்டி மாதிரி இருக்கு?” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஷோ நடந்த மைதானத்துக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது நாய்க்காரரின் வேன், பின்கதவு திறந்திருந்தது, உள்ளே காலிக் கூண்டு, அதில் புதிதாக ஒரு சாக்கு விரித்திருந்தது. அது யாருக்கென்று தெரிந்து அப்பாவை வேகமாக நடக்கச் சொன்னேன். இரண்டாவதாகக் கண்ணில் பட்டது நடுவர். அதே ஆள், அதே தொப்பி. என் நேரத்தைப் பார். அவரும் மிளகைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டார். எதிர்வீட்டு வக்கீல் வேறு “இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது” என்று சொல்லிக்கொண்டு கயிற்றோரமாக வந்து நின்றார், தலையில் தோட்டத் தொப்பி.

முதலில் ஓட்டம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் உன் அப்பா ஓடி நான் பார்த்ததில்லை, அவர் பஸ்ஸுக்காக மற்றவர்கள் ஓடித்தான் பழக்கம். ஆனால் சொல்கிறேன் கேள், முதுகை நிமிர்த்தி, வாரை இழுக்காமல், அவள் நடைக்குத் தன் நடையைச் சேர்த்து ஓடினார் பார், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா “யாருங்க அவர், நல்லா ஓட்டறாரே” என்றார், நான் “நம்ம வீட்டுக்காரர்தான்” என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஒரே ஒரு குறை, மூலையில் திரும்பும்போதெல்லாம் கையை நீட்டிச் சைகை காட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

அப்புறம் மேஜை. அப்பா தூக்கி நிறுத்தினார். தொப்பி கிட்டே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், வக்கீல் என் காதருகே “ஒண்ணும் ஆகாதும்மா, நம்ம பொண்ணு” என்று முணுமுணுத்தார், நம்ம பொண்ணாம்! கண்ணைத் திறந்தபோது நடுவரின் விரல்கள் அவள் வாய்க்குள் இருந்தன. அவள் கணக்கு டீச்சருக்குக் காட்டுவது போல மோவாயைத் தூக்கிக்கொண்டு சமர்த்தாக நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கையை எடுத்தார், முதுகைத் தொடப் போனார். மிளகு விடவில்லை. கழுத்தை நீட்டி அவர் உள்ளங்கையை முகர்ந்தாள், அதில் ஒன்றுமில்லை. அடுத்து அவர் சட்டைப் பையில் மூக்கை நுழைத்தாள். அவர் அசையாமல் நின்று “என்னங்க கேக்குது இது?” என்றார். உன் அப்பா வியர்த்துப்போய் “கூலி கேக்குதுங்க” என்றார். “எதுக்கு?” “பல்லைக் காட்டினதுக்குங்க. எங்க தெருவுல பாக்கறவங்க கொடுத்துட்டுத்தான் போவாங்க.” அந்தப் பெரிய மனுஷன் சிரித்த சிரிப்பில் தொப்பியே சரிந்துவிட்டது. அப்பாவிடம் ஒரு துண்டு ஈரலை வாங்கித் தன் கையாலேயே கொடுத்தார். ரிங்கைச் சுற்றி நின்றவர்களெல்லாம் கைதட்டினார்கள், நான் அழுதேன், வக்கீல் தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே முதுகில் கை வைத்தவர் முகம் மாறிவிட்டது. இந்தச் சாதிக்கு முடி, துணி தேய்க்கிற பிரஷ் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டுமாம். “யாருங்க இதைக் குளிப்பாட்டினது?” என்றார். உன் அப்பா ஒரு விநாடி யோசித்தாரா, தயங்கினாரா? பஸ்ஸில் சைகை காட்டிப் பழகிய அந்தக் கையை அப்படியே நீட்டி என்னைக் காட்டிவிட்டார். மைதானமே திரும்பிப் பார்த்தது. “அம்மா, அருமையான குணம், அருமையான நடை, முடியைத்தான் கெடுத்துட்டீங்க. அடுத்த தடவை அழுக்காவே கூட்டிட்டு வாங்க” என்றார். அதனால் இரண்டாம் இடம். முதலிடம் வந்த நாயைப் பார்த்தேன், குளித்துப் பல நாளிருக்கும், தொட்டால் கை கீறும் போல விறைத்து நின்றது. இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்து, சுத்தத்தால் தோற்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனாலும் இரண்டாம் இடத்துக்குக் கொடுத்த நீல ரிப்பனைப் பார்லர் கண்ணாடியில், வருகிறவர்கள் எப்படித் தலையைத் திருப்பினாலும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டியிருக்கிறேன்.

நாய்க்காரர் வந்தார். மிளகின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அவரும் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், கூலி கொடுத்தார். “எந்தப் பயிற்சியாளர்கிட்ட விட்டீங்க?” என்று கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு “எங்க தெருவுலதாங்க” என்றார். நாய்க்காரர் எழுந்து போய், கூண்டுக்குள்ளிருந்த சாக்கை உருவி மடித்து வைத்துவிட்டு, வேன் கதவைச் சாத்தினார். “இது உங்க வீட்டுப் பிள்ளைதான், நான் இனி கேக்கமாட்டேன்” என்றார். இதுதான் நீ கேட்ட ஒரே வார்த்தை. மிளகு எங்கேயும் போகவில்லை.

இன்னும் ஒன்று. அவள் உன்னை மறந்துவிட்டாள் என்றாயே, உன் அறைக் கதவுக்குப் பின்னால் அந்தச் சாம்பல் நிறக் கோட்டு தொங்குகிறது, ஷோவுக்கு நீ போட்டுக்கொண்டு போனது, அதன் பையில்தான் நீ ஈரல் வைத்திருந்தாய். நான் உள்ளே கை விட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை, வெறும் வாசனைதான். அவள் தினமும் காலை நடை முடிந்து வந்ததும் நேராக அங்கே போய், கோட்டுக்குக் கீழே உட்கார்ந்து, மோவாயைத் தூக்கிப் பல்லைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வருகிறாள். அன்றைக்கு ரிங்கில் நடந்த கலவரத்தில் நீ ஈரல் கொடுக்காமலே வந்துவிட்டாய், அது ஒன்றுதான் அவளுக்கு உன்னிடம் பாக்கி. நீ தைரியமாக உன் வேலையைப் பார், தெரியாத ஊரில் தனியாக நின்று பேர் வாங்குகிறாய் என்று வருகிறவர்களிடமெல்லாம் நான்தான் பீற்றிக்கொள்கிறேன், ரிப்பனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. தலைக்குக் குளித்தால் காயவிட்டுவிட்டுப் போ. நானே சொல்கிறேன், கண்டிஷனரை அளவோடு போடு. உனக்கு ஒரு குறையும் வராது, நீ தொட்டதெல்லாம் துலங்கும், நல்லாயிரு. விடுமுறைக்கு எப்போது வந்தாலும் ஒன்றை மட்டும் மறக்காதே, எங்களைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் வாசலிலேயே குனிந்து அவள் பல்லைப் பார்த்துவிட்டு, கூலியைக் கொடுத்துவிட்டு உள்ளே வா. எதைக் கண்டாலும் தண்ணீரில் முக்கி எடுக்கிற உன் அம்மா, அந்தக் கோட்டை மட்டும் இதுவரை துவைக்கவில்லை.

இப்படிக்கு,
ஊரறிய இரண்டாம் இடம் வாங்கிய உன் அம்மா

(அப்பாவும் எழுதச் சொன்னார்: சைகை காட்டாமல் திரும்பினால் பின்னால் வருகிற நாய் இடித்துவிடாதா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்.)