ஆரிபா ஊட்டுக்குள்ள இல்ல, பினாங்குல இருக்குது

அனுப்புநர்:
அசன் முகைதீன், வயசு 56,
த/பெ. மீரா முகைதீன்,
நாஷ்டா கடை, சிப்காட் பஸ் ஸ்டாப் எதிர்ல,
கும்மிடிப்பூண்டி.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: பினாங்குல டீச்சர் படிப்பு படிக்கிற என் பொண்ணு ஆரிபா, வகுப்புக்குள்ள போறதுக்கு போலீஸ் நற்சான்று கேட்டது – எங்க தெரு ஜனங்க சொன்ன தப்பான பதிலால நின்னு போனது – மறுபடி விசாரிக்கச் சொல்லி கேட்டுக்கறது.

மரியாதைக்குரிய அய்யா அவர்களுக்கு வணக்கம்.

இது புகார் மனுதான். ஆனா புகாரு உங்க ஆபீஸ் மேலயும் இல்ல, விசாரிக்க வந்த ஏட்டய்யா மேலயும் இல்ல. எங்க தெரு மேல. அதுல பாதி என் மேல. எப்படின்னு அய்யா கொஞ்சம் பொறுமையா கேக்கணும்.

1. ஆரிபாவுக்கு வயசு இருபத்திமூணு. பொன்னேரியில பி.ஏ. முடிச்சிது. என் ஊட்டுக்காரியோட தங்கச்சிய மலேசியாவுல, பினாங்குல கட்டிக் குடுத்து இருபது வருஷம் ஆவுது. அது ஊட்லதான் பொண்ணு தங்கி படிக்குது. மொதல்ல ஆறு மாசம் காலேஜுல பாடம். அப்புறம் பன்னெண்டு வாரம், நெஜமான ஸ்கூல்ல நெஜமான புள்ளைங்க முன்னால நின்னு நடத்தணும். சின்னப் புள்ளைங்க கிட்ட உடறதுக்கு முன்னால, இந்தப் பொண்ணு மேல சொந்த ஊர்ல கேசு கீசு ஒண்ணும் இல்லன்னு போலீஸ் பேப்பர் வேணும்னாங்க. கேக்கறது நியாயம்தான். என் கடையில தட்டு கழுவ ஆள் சேக்கறதுக்கே நான் நாலு பேர விசாரிக்கறேன்.

2. பொண்ணு அங்க இருக்கற நம்ம இந்தியா ஆபீசுல எழுதிக் குடுத்துது. அது இங்க விசாரணைக்கு வந்துது. ஜூலை எட்டாம் தேதி ஏட்டய்யா எங்க தெருவுக்கு வந்தாரு. அன்னிக்கின்னு பாத்து என் தம்பி பொண்ணுக்கு நிச்சயம்னு நாங்க ஊட்டப் பூட்டிகினு பழவேற்காடு போயிட்டோம். ஏட்டய்யா யூனிபார்ம்ல இல்ல. பேண்ட்டு, சட்ட, மோட்டார் பைக்கு, கையில ஒரு பைலு. நேரா பஞ்சர் கடை கோபால் கிட்ட நின்னு, ஆரிபான்னு ஒரு பொண்ணு இருக்குதே, அது எப்படின்னு கேட்டிருக்காரு.

3. இங்க ஒரு பழைய கதய சொல்லலன்னா அய்யாவுக்கு வெளங்காது. பக்கத்து ஊட்டு சம்பூர்ணத்தோட பொண்ணு துர்காதேவி. நாலு வருஷம் முன்னால அது சிப்காட் கம்பெனி ஒண்ணுல ரெண்டாவது ஷிப்ட் வேல பாத்துகினு இருந்துது. வேப்பம்பட்டுல ஒரு மாப்ள ஊடு. எங்க பக்கத்துல பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னால, தெரியாத ஒரு ஆள அனுப்பி தெருவுல விசாரிப்பாங்க. வர்றவன் யாருன்னு சொல்ல மாட்டான். டீ குடிக்கற மாதிரி குடிச்சிகினே கேப்பான். அப்படி வந்தவன் என் கடைக்குதான் வந்தான். அன்னிக்கு மசால் வட நல்லா வந்திருந்துது, ரெண்டு தின்னான். நானும் நல்ல மனசோட, "தைரியமான பொண்ணுங்க, ரெண்டாவது ஷிப்ட் முடிச்சி ராத்திரியில கம்பெனி பஸ்ஸுல தனியா வந்து எறங்கும்"னு சொன்னேன். பெருமையாதான் சொன்னேன் அய்யா. அதோட அந்த மாப்ள ஊடு எட்டிக்கூட பாக்கல.

சம்பூர்ணத்துக்கு விஷயம் தெரிஞ்சி ஆறு மாசம் என்கிட்ட பேசல. என் கடை பக்கம் இருக்கற கொழாய உட்டுட்டு, நாலு தெரு தள்ளிப் போய் தண்ணி புடிச்சிது. அப்புறம் பொம்பளைங்க எல்லாம் சேந்து ஒரு முடிவு எடுத்தாங்க. இனிமே எவன் வந்து எந்த ஊட்டுப் பொண்ணப் பத்தி கேட்டாலும், நல்லது மட்டும்தான் வாயில வரணும். நானும் தலய ஆட்டினேன். துர்காவுக்கு அடுத்த வருஷமே மீஞ்சூர்ல சேகருன்னு நல்ல பையன் அமைஞ்சான். வளகாப்பு முடிஞ்சி இப்ப அம்மா ஊட்ல இருக்குது. இந்த மனுவ நான் சொல்லச் சொல்ல எழுதறது அதுதான்.

4. இப்ப ஏட்டய்யா கிட்ட வர்றேன். கேட்டவுடனே கோபால், "பொண்ணா அது, தரையப் பாத்துதான் நடக்கும்"னு ஆரம்பிச்சிட்டான். ஏட்டய்யா அடுத்து சம்பூர்ணத்தண்ட போனாரு. வந்தவரு மாப்ள ஊட்டு ஆளுன்னே முடிவு பண்ணி நாற்காலி போட்டு டீ குடுத்துது. வயசு கேட்டாரு. பத்தொம்பதுன்னுது. படிப்பு கேட்டாரு. மாப்ள கம்மியா படிச்சிருந்தா இன்னா பண்றதுன்னு பத்தாவதோட நிறுத்திடுச்சி. வெளிநாடு போயிருக்குதாமேன்னு கேட்டாரு. "எந்தப் பாவி சொன்னான், பழவேற்காட்டுக்குக்கூட அது தனியா போனதில்ல. ஒடம்பு சரியில்லன்னு உள்ள படுத்துகினு இருக்குது பாருங்க"ன்னு எங்க ஊட்டக் காட்டியிருக்குது. ஊட்டு கதவுல இம்மாம் பெரிய பூட்டு தொங்குது. ஏட்டய்யா பூட்டப் பாத்தாரு, சம்பூர்ணத்தப் பாத்தாரு, எழுதிகினு போயிட்டாரு. கேக்காமலே பதினஞ்சு சவரன் போடுவாங்கன்னும் சொல்லிச்சாம். அத அவர் எழுதல.

5. இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. மூணு வாரமா பொண்ணு போன் பண்ணி பேப்பர் வரலியேன்னு அழுவுது. கூடப் படிக்கிற ஆறு பொண்ணுங்க வகுப்புக்குள்ள போயிட்டாங்க. இது மட்டும் அங்க இருக்கற தமிழ் ஸ்கூல் வராண்டாவுல உக்காந்து அட்டையில படம் ஒட்டிகினு இருக்குது. நம்ம பழவேற்காடு ஏரிக்கு வர்ற பூநாரைய வரைஞ்சி வச்சிருக்குதாம். ரெண்டாம் வகுப்புப் புள்ளைங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "டீச்சர், நீங்க எப்ப உள்ள வருவீங்க?"ன்னு கேக்குதுங்களாம். என் ஊட்டுக்காரி சரியா சாப்புடல. நானும் இன்னான்னவோ நெனச்சேன் அய்யா. எங்க பேரப் பாத்து நிறுத்திட்டாங்களோ, பொண்ணு எங்கயாவது எதுலயாவது மாட்டிகிச்சோன்னு.

6. போன சனிக்கிழம ஸ்டேஷன்ல கூப்புட்டாங்க. கடைய அப்படியே போட்டுட்டு போனேன். எஸ்.ஐ. அய்யா பைலப் பிரிச்சி, "பொண்ணு பினாங்குல இருக்குதுன்னு பேப்பர் சொல்லுது. ஊட்டுக்குள்ள படுத்திருக்குதுன்னு தெரு சொல்லுது. வெளியில பூட்டு போட்டிருக்குது. பொண்ண உள்ள வச்சி பூட்டியிருக்கியா?"ன்னு கேட்டாரு. ஏட்டய்யாவ மாப்ள ஊட்டு ஆளுன்னு நெனச்சி தெரு பதில் சொல்லியிருக்குதுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சிது. புரிஞ்சவுடனே அங்கயே சிரிச்சிட்டேன். ஸ்டேஷன்ல சிரிச்சதுக்கு மன்னிக்கணும். மூணு வாரமா மார்ல கெடந்த கல்லு எறங்கின சிரிப்பு அது. கதய கேட்டு எஸ்.ஐ. அய்யாவும் சிரிச்சிட்டாரு. ஆனா எழுதி மேல போயிட்ட ரிப்போர்ட்ட தன்னால மாத்த முடியாது, பெரிய ஆபீசுக்கு மனு குடுன்னு அவர்தான் வழி சொன்னாரு.

சம்பூர்ணத்து கிட்ட வந்து சொன்னேன். வாயில முந்தானைய வச்சிகினு உக்காந்துடுச்சி. அப்புறம், "நீ நெஜத்த சொல்லி என் பொண்ணுக்குக் கெடுத்த. நான் பொய்ய சொல்லி உன் பொண்ணுக்குக் கெடுத்தேன். சரிக்கு சரியாப் போச்சி பாய்"னுது. அன்னிக்கு ராத்திரி என் ஊட்டுக்காரி ரெண்டு தட்டு சாப்புட்டுது.

7. அந்த ஸ்கூல் பெரிய டீச்சரம்மா நல்லவங்க. வர்ற இருவத்தஞ்சாம் தேதி வரைக்கும் எடம் வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள பேப்பர் போவலன்னா ஒரு வருஷம் போச்சி, விசாவும் அதுவரைக்கும் தாங்காது. அதனால அய்யா, பழைய ரிப்போர்ட்ட தள்ளி வச்சிட்டு மறுபடியும் ஒருத்தர அனுப்பி விசாரிக்கணும்னு ரொம்பக் கேட்டுக்கறேன். அதே ஏட்டய்யாவே வரலாம், யூனிபார்மும் வேணாம். வந்தவுடனே போலீஸுன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிடச் சொல்லுங்க. கடைய ரெண்டு நாள் மூடிட்டு நான் ஊட்டு வாசல்லயே இருக்கேன். பூட்டு இருக்காது.

அந்தப் புள்ளைங்க கேட்டதுக்கு என் பொண்ணு ஒரு தேதி சொல்லணும். அது உங்க கையெழுத்துல இருக்குது.

இடம்: கும்மிடிப்பூண்டி
தேதி: 4.8.2008

இப்படிக்கு,
அசன் முகைதீன்
(இடது கை பெருவிரல் ரேகை)

சாட்சிங்க, இந்த தடவ உள்ளத உள்ளபடி:

சம்பூர்ணம்: ஆரிபாவுக்கு வயசு இருபத்திமூணு. படிப்பு பி.ஏ. ஊர்ல இல்ல, ஏரோப்ளேன்ல தனியாத்தான் போச்சி. சவரன் விஷயம் எனக்குத் தெரியாது.

கோபால், பஞ்சர் கடை: அது தரையப் பாத்து நடக்கும்னு நான் சொன்னது பொய். நேராப் பாத்துதான் நடக்கும்.