நனூலி பெயரில் ஊற்றிய மது

சோகாத்தௌரி,
செப்டம்பர், 1981

என் அருமை நனூலிக்கு, சியாலா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மாஸ்கோக் குளிரில் உன் தொண்டை எப்படி இருக்கிறதோ என்றுதான் கவலை.

என் பேத்தி எகாவின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது, ஊரே பரிதாபப்படும் என்கிறாய். போன வாரம் நிச்சயதார்த்த விருந்தில் நடந்ததைக் கேள், பிறகு முடிவு செய்.

எகா டீச்சருக்குப் படித்தவள், நம்மைப்போல் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கூடையைத் தூக்கியவள் இல்லை. நீலச் சட்டையில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். விருந்தை நடத்தியவர் மாப்பிள்ளையின் சித்தப்பா வலிகோ. இறந்தவர்களுக்குக் கிண்ணம் தூக்கி, அவர்கள் பெயரில் ரொட்டியில் மது ஊற்றும் நேரம் வந்தது. என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார், உன் அம்மா பெயரைச் சொன்னார், அப்புறம் "நம்ம பாட்டுக்காரி நனூலிக்கும்" என்று ரொட்டியில் மதுவை ஊற்றிவிட்டார். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"ஏம்ப்பா வலிகோ, அவ உயிரோடதான் இருக்கா, ஈஸ்டருக்குக்கூடக் கடுதாசி போட்டாளே" என்றேன். மனுஷன் வெளுத்துப்போய், "பத்து வருஷமா ரேடியோவுல கேக்கலியேக்கா" என்றார். "ஊத்தினத எப்படித் திருப்பி எடுக்கறதாம்? அவளே வந்து ஒரு கிண்ணம் குடிச்சாத்தான் சரியாவும்" என்றாள் அவர் பெண்சாதி. சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேயிலைக் காட்டில் நீ பாடினால் மேஸ்திரி எடை போட மறந்துவிடுவார். அதைக் கேள்விப்பட்டு திபிலிசி ரேடியோக்காரர்கள் வந்து உன்னைக் கூட்டிப்போனார்கள். நீ முதன்முதலாக டிவியில் வந்தபோது பண்ணை ஆபீஸில் இருந்த ஒரே பெட்டி முன்னால் எத்தனை நெரிசல். பாடகி கம்பம் மாதிரி நிற்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்களாம், நீயோ தோளை ஆட்டிவிட்டாய். அதற்காக ஒரு வருஷம் உன்னைக் காட்டவே இல்லை. அந்த வருஷம் முழுக்க ஊர்ப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் தோளை ஆட்டிக்கொண்டு நடந்தோம். எகாவும் ஆட்டுகிறாள். யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அக்டோபர் கடைசி ஞாயிறு கல்யாணம். யாராவது பாடச் சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன், என் வாய் உனக்குத் தெரியும். நீ பேசக்கூட வேண்டாம். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, போதும்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். எனக்கும் கொஞ்சம், நீ வந்து சேரும்வரை.

உன் சியாலா